எழுந்து நின்ற லிங்கன்

1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் இல்லினாய் மாநில அரங்குக்குள் நுழைந்தவர்கள் மேடையில் ஆபிரகாம் லிங்கன் நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அவர் இறந்து 99 ஆண்டுகள் ஆகியிருந்தன. சிறிது நேரத்தில் அவர் உடலை முன்னே சாய்த்து, எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். பேச்சு அவருடைய பல உரைகளிலிருந்து தொகுக்கப்பட்டது. குரல் ராயல் டானோ என்ற நடிகருடையது. உடல் வால்ட் டிஸ்னியின் பட்டறையில் செய்யப்பட்டது.

பேசும் பொம்மையைவிட எழுந்து நிற்கும் பொம்மையைச் செய்வது கடினம். நாம் நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் தலையும் மார்பும் முன்னே போகின்றன. உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வந்த பிறகே தொடைகள் தூக்குகின்றன. தூக்கும் வேகம் நடுவில் கூடி, நிமிரும் கட்டத்தில் குறைகிறது. குழந்தைப் பருவத்தில் கற்றுக்கொண்ட இந்தக் கணக்கை நாம் நினைப்பதே இல்லை. ஆனால் அது கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். லிங்கன் பொம்மைக்குத் தன் சமநிலையைத் தானே காக்கும் திறன் கிடையாது. மேடையோடு பிணைக்கப்பட்ட ஓர் இரும்பு எலும்புக்கூட்டை எண்ணெய் அழுத்தம் தூக்கி நிறுத்தியது. அந்தத் தூக்கலை மனிதனின் எழுகையைப் போல் தோன்றவைப்பதில்தான் சிரமம் இருந்தது. ஒத்திகைகளில் அந்த உடல் திடீரென்று வெட்டி இழுத்தது, கைகால்களை உதறியது. கண்காட்சி தொடங்கிச் சில நாட்கள் கழித்தே லிங்கனால் பொதுமக்கள் முன் எழ முடிந்தது.

இந்த மாதிரிப் பொம்மைகளுக்கு டிஸ்னி நிறுவனம் வைத்த பெயர் ஆடியோ-அனிமட்ரானிக்ஸ். டிஸ்னி பூங்காக்களில் இன்று இவற்றில் பழையவை அறுபது வயதை எட்டியும் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய காட்சிகளை அப்படியே வைத்திருக்க வேண்டுமா, புதுப்பிக்க வேண்டுமா என்ற சண்டை ஒவ்வொரு முறை ஓர் அரங்கின் கதவு பழுதுபார்ப்புக்காக மூடப்படும்போதும் கிளம்புகிறது. இரு தரப்பும் உணர்ச்சியோடு பேசுகின்றன. ஆனால் எதைக் காப்பது என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பொம்மைகளின் தோலுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

முதலில் பறவைகள். 1963 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மந்திர டிக்கி அறை திறக்கப்பட்டது. கூரையிலிருந்து தொங்கும் கிளிகளும், பூக்களும், மரத்தில் செதுக்கிய தெய்வ முகங்களும் சேர்ந்து பாடும் அரங்கம் அது. அதன் நினைவாற்றல் ஒரு காந்த நாடாவில் இருந்தது. நாடாவின் சில தடங்களில் பாட்டு. மற்ற தடங்களில் பார்வையாளர் காதுக்குப் போகாத சுரங்கள். ஒவ்வொரு சுரமும் அதற்கென்று அளந்து வெட்டிய ஒரு மெல்லிய உலோக நாக்கை அதிரவைக்கும். அதிரும் நாக்கு ஒரு மின்சுற்றை மூடும். மின்சாரம் வால்வைத் திறக்க, அழுத்தப்பட்ட காற்று குழாயில் பாய, கிளி அலகைத் திறக்கும். சுரம் நின்றால் அலகு மூடும். பாட்டும் அசைவும் ஒரே நாடாவில் இருந்ததால் ஒன்று முந்தி மற்றது பிந்த வழியில்லை.

காற்று பறவைக்குப் பொருத்தமான ஆற்றல். அது அமுங்கும் தன்மை கொண்டது, வேகமாகப் பாயும், கசிந்தாலும் எதையும் அழுக்காக்காது. அலகும் இமையும் படபடப்பதற்கு அது போதும். ஆனால் அமுங்கும் தன்மையால், காற்றைக் கொண்டு ஒரு கையைப் பாதி வழியில் அசையாமல் நிறுத்துவது கடினம். திற அல்லது மூடு, இரண்டுதான் அதற்கு எளிதாக வரும். லிங்கனுக்கு அது போதாது. எனவே பெரிய அசைவுகளுக்கு எண்ணெய் வந்தது. எண்ணெய் அமுங்காது. எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு நகரும், நின்ற இடத்தில் நிற்கும், சின்ன உருளைக்குள்ளேயே பெரிய விசையைத் தரும். அதற்கு ஒரு விலையும் உண்டு. எண்ணெய் எங்காவது கசிந்தே தீரும். கசிந்தால் சட்டையில் கறை படியும், அடியில் இருக்கும் தோல் கெடும்.

அந்த லிங்கனின் முகத்தைச் செய்தவர் சிற்பி பிளேய்ன் கிப்சன். 1860இல் லெனர்ட் வோக் என்ற சிற்பி உயிரோடிருந்த லிங்கனின் முகத்தில் சாந்து பூசி எடுத்த அச்சு அவருக்கு ஆதாரமாக இருந்தது. தாடி வளர்ப்பதற்கு முந்தைய முகம் அது. அசைவைப் பதிவதற்கு ஒரு விசித்திரமான முறை கையாளப்பட்டது. வாதெல் ராஜர்ஸ் என்ற பொறியாளர் மூட்டுக்கு மூட்டு மின் உணரிகள் பொருத்திய ஒரு கூட்டை உடம்பில் மாட்டிக்கொள்வார். அவர் கையை உயர்த்தினால் அந்த அளவு மின் சமிக்ஞையாகிப் பொம்மையை அசைக்கும், நாடாவிலும் பதியும். பொம்மையின் அசைவுக்குள் ராஜர்ஸின் தோள் இருந்தது, அவருடைய கழுத்துத் திருப்பம் இருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனிமட்ரானிக் பொம்மையை நாம் சிலையோடு சேர்த்துப் பார்க்கிறோம், அதனால் சிலையைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது உண்மையில் ஒரு நடிப்பின் பதிவு. இரும்பும் எண்ணெயும் அந்த நடிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் கருவிகள்.

கருவி தேயும். எவ்வளவு தேயும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். படகில் போகிறவர்கள் பார்க்கும் ஒரு பொம்மை 15 விநாடிக்கு ஒருமுறை கையை உயர்த்துகிறது என்று வையுங்கள். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 2,880 முறை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். எந்த மூட்டும், எந்த ரப்பர் வளையமும் இதைப் பல ஆண்டுகள் தாங்காது. முகத்தின் தோல் வாயோரத்தில்தான் முதலில் கிழியும், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் மடிவது அந்த இடம்தான். ஈரமும் விளக்கின் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக்கை இறுகச் செய்யும். ஆகவே பழைய அரங்குகளில் தோல், உடை, தலைமுடி, வால்வு, கம்பி எல்லாமே பலமுறை மாற்றப்பட்டவை. டிக்கி அறையே டிஸ்னிலாந்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2004 – 2005இல் மூடப்பட்டு, பறவைகளும் ஒலியும் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. ‘முதல் நாள் இருந்ததே இருக்கட்டும்’ என்று கேட்பவர் கேட்கும் பொருள் எங்கும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் நொய்ஷாத்தல் நகர அருங்காட்சியகத்தில் வேறு வகைக் காப்பைப் பார்க்கலாம். பியர் ஜாக்கே-துரோவும் அவர் குடும்பத்தாரும் 1768க்கும் 1774க்கும் இடையில் செய்த மூன்று தானியங்கிப் பொம்மைகள் அங்கே இருக்கின்றன. ஒன்று எழுதும், ஒன்று வரையும், ஒன்று இசைக்கும். எழுதும் சிறுவனுக்குள் சுமார் 6,000 பாகங்கள். 40 எழுத்துவரை எந்த வாசகத்தையும் அவனை எழுதவைக்கலாம். 250 ஆண்டுகளாக அவன் கை ஓடுகிறது, ஏனென்றால் அவனை மாதத்துக்கு ஒரு நாள்தான் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஓய்வுதான் அவன் ஆயுள். தீம் பார்க்கில் அந்த ஓய்வுக்கு இடமில்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள்.

எனவே உள்ளுறுப்பைப் புதுப்பிப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதனால் நடிப்புக்கு லாபம்தான். பழைய எண்ணெய் உடல்களுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. கனமான கை வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால், அந்த அதிர்வு தோள் வழியாக முழு உடலையும் குலுக்கும். அதைத் தவிர்க்க, அசைவை நிரல் செய்பவர்கள் எல்லாவற்றையும் மெதுவாக்கினார்கள். அதனால்தான் அந்தக் காலப் பொம்மைகள் தண்ணீருக்குள் இருப்பவர்களைப்போல் நகரும். மனிதக் கை இப்படி நிற்பதில்லை. இலக்கை ஒரு நூல் தாண்டிப் போய்த் தளர்ந்து திரும்பும். தசைக்கு நெகிழ்வு உண்டு. இந்த நெகிழ்வைக் கணினிக் கட்டுப்பாட்டால் எண்ணெய் உருளைக்கும் ஊட்டலாம் என்று பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். 1989இல் ஃபுளோரிடாவின் டிஸ்னி-எம்ஜிஎம் ஸ்டூடியோஸ் பூங்காவில், மாபெரும் திரைப்படச் சவாரி என்ற அரங்கில், மேற்குத் திசைச் சூனியக்காரியாக வந்த பொம்மை இப்படி அசைந்தது. அவள் விரலை நீட்டிப் பார்வையாளர்களை மிரட்டியபோது அந்த நீட்டலில் கோபத்தின் வேகம் இருந்தது. கண்காட்சியிலிருந்து டிஸ்னிலாந்து மேடைக்கும் வந்திருந்த லிங்கன், ஓர் இடைவெளிக்குப் பிறகு 2009 டிசம்பரில் அங்கே திரும்பியபோது அவர் முகத்துக்குள் எண்ணெய்க்குப் பதில் மின் மோட்டார்கள். புருவம் சுருங்கவும் உதடு சொல்லுக்கு ஏற்பக் குவியவும் முடிந்தது. 1964இல் ராஜர்ஸ் கூட்டை மாட்டிக்கொண்டு நடிக்க முயன்றதெல்லாம் அந்த முகத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது என்பேன்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய அசைவுப் பதிவைப் புதிய உடலில் அப்படியே ஏற்றினால் அது பழைய நடிப்பாக இருக்காது. கையின் எடை மாறிவிட்டது, நிற்கும் வேகம் மாறிவிட்டது, பழைய உடலின் மந்தத்தைக் கணக்கில் வைத்துப் பதிந்த நேர இடைவெளிகள் புதிய உடலில் துடுக்குத்தனமாகத் தெரியும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டாக, ஒவ்வொரு விநாடியாகத் திரும்ப நடிக்கவைக்க வேண்டும். அந்த ஒருவருக்குப் பழைய நடிப்பு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். புதுப்பித்தல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், மோட்டார் வாங்கும் இடத்தில் அல்ல.

கரீபியக் கடற்கொள்ளையர் அரங்கு இதற்கு நல்ல பாடம். 1967 மார்ச்சில், வால்ட் டிஸ்னி இறந்து மூன்று மாதங்களில் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்டது. அதன் காட்சிகளை வரைந்தவர் மார்க் டேவிஸ், முகங்களைச் செதுக்கியவர் கிப்சன். படகில் போகிறவர் ஒவ்வொரு பொம்மையையும் சில விநாடிகளே பார்ப்பார் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே மூக்கையும் தாடையையும் புருவத்தையும் மிகைப்படுத்தினார்கள். சிறைக்கம்பிக்குள்ளிருந்து கைதிகள் நாயை அழைக்கிறார்கள், நாய் வாயில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அந்த நாய்க்குப் பெரிய அசைவே கிடையாது. அது அசையாமல் இருப்பதுதான் கதை. இந்தக் காட்சிக்கு இன்னும் பத்து மூட்டுகளைச் சேர்த்தால் அது கெடும். அசைவின் எண்ணிக்கை கூடுவதை முன்னேற்றம் என்று எண்ணும் பொறியியல் மனம் இந்த நாயின் முன் சற்று நிற்க வேண்டும்.

1970இல் ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி எழுதிய ஒரு சிறு கட்டுரை இதோடு தொடர்புடையது. இயந்திர உருவம் மனிதனை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஈடுபாடு கூடும், ஆனால் மிக நெருங்கிய ஓர் இடத்தில் அது சட்டென்று அருவருப்பாக விழும் என்றார். அசையும் உருவங்களில் அந்தச் சரிவு இன்னும் ஆழம் என்றும் சொன்னார். மிகைப்படுத்திய கொள்ளையர் முகங்கள் அந்தப் பள்ளத்துக்கு வெகு தூரத்தில் பத்திரமாக நிற்கின்றன. உண்மையான மனிதரைப் படைக்கும்போதுதான் பள்ளத்தின் விளிம்பில் நடக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 17 அன்று, டிஸ்னிலாந்தின் எழுபதாம் ஆண்டு நாளில், லிங்கன் பேசிய அதே அரங்கில் வால்ட் டிஸ்னியின் பொம்மை அரங்கேறியது. திறக்கும் முன்பே அவருடைய பேத்தி ஒருவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். லிங்கன் நடந்ததையோ பேசியதையோ பார்த்தவர் யாரும் இன்று இல்லை, படச்சுருளும் இல்லை. ராயல் டானோவின் குரலை நாம் லிங்கனாக ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. வால்ட் டிஸ்னியோ தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்தவர். அவருடைய புன்னகை எப்படித் தொடங்கும் என்று அறிந்த கண்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவருக்குள் எவ்வளவு நுட்பமான மோட்டார் வைத்தாலும் போட்டி அந்தப் படச்சுருளோடுதான். இந்தப் புதுமையை நான் துணிச்சல் என்று மதிக்கிறேன், ஆனால் லிங்கனுக்கு வைத்திருந்த மேடையை இதற்குக் கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை.  இரு காட்சிகளும் பிற்பாடு மாறி மாறி நடக்கும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்த வாக்கு நிறைவேற வேண்டும்.

புதுப்பித்தலின் பெயரால் வந்த இன்னொரு பழக்கம், முகத்தின்மேல் படம் பாய்ச்சுவது. செதுக்கிய முகத்துக்குப் பதிலாக வெள்ளை முகமூடி, அதன் உள்ளிருந்து ஒளிப்படம். 2016இல் ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில் வந்த ஃபுரோசன் சவாரியில் இது பயன்பட்டது. கண்ணும் வாயும் திரைப்படத்தில் இருப்பதுபோலவே அசையும் என்பது லாபம். ஆனால் இருட்டான காட்சியில் முகம் மட்டும் விளக்குபோல் ஒளிர்கிறது. மற்ற விளக்குகளின் நிழல் மூக்கின்மேல் விழுவதில்லை. உடலும் முகமும் இரு வேறு உலகங்களாகத் தெரிகின்றன. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் அதே கதைக்கு எழுந்த புதிய பகுதியில் முகங்கள் மீண்டும் உருவோடு அசையும் முகங்களாயின. படகு நகர நகர அந்தக் கன்னத்தின் மறுபக்கம் நமக்குத் தெரிகிறது. திரைக்கு மறுபக்கம் கிடையாது. தீம் பார்க்குக்கு மனிதர்கள் நேரில் போவதற்குக் காரணமே இந்த மறுபக்கம்தான்.

இதுவரை பேசியது உடலையும் அசைவையும். கதை வேறு விஷயம், அங்கே என் மனம் எளிதாக மாற்றத்தின் பக்கம் சாய்கிறது. கடற்கொள்ளையர் அரங்கில் பெண்களைக் கயிற்றில் கட்டி ஏலம் விடும் காட்சி ஒன்று இருந்தது. கொள்ளையர்கள் பெண்களைத் துரத்தும் காட்சியும் இருந்தது. 1997இல் துரத்தப்பட்ட பெண்களின் கையில் உணவுத் தட்டைக் கொடுத்து, கொள்ளையன் சாப்பாட்டுக்காக ஓடுவதாக மாற்றினார்கள். அது அரைகுறை வேலை. உடல்களின் சாய்வும் ஓட்டமும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தன, தட்டு மட்டும் பொய் சொன்னது. 2018இல் செய்ததுதான் நேர்மையான வேலை. ஏலத்தில் நின்ற செந்நிறக் கூந்தல் பெண் ரெட் என்ற கொள்ளைக்காரியானாள், கையில் துப்பாக்கி, ஏலத்தில் இப்போது கொள்ளைப் பொருள். நிற்கும் விதமே மாறியதால் கதையும் முழுதாக மாறியது. மார்க் டேவிஸின் காட்சியை அழித்துவிட்டார்கள் என்று வருந்தியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், தன் மகளோடு படகில் உட்கார்ந்திருக்கும் தாய் அந்த ஏலத்தைச் சிரித்துக் கடக்க வேண்டும் என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச்சவாரியின் கதை இன்னும் பின்னலானது. 1974இல் டிஸ்னிலாந்தில் ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற பாட்டு அரங்கு திறந்தது. 1988இல் அது மூடியபோது அதன் விலங்குப் பொம்மைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை 1989இல் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டனுக்குக் குடிபெயர்ந்தன. வாத்து இனத்துப் பொம்மைகள் இரண்டு அதற்கு முன்பே தோல் உரிக்கப்பட்டு, ஸ்டார் டூர்ஸ் அரங்கின் வரிசையில் ரோபோக்களாக நின்றன. பொம்மை நடிகர்கள் வேடம் மாற்றுவது அங்கே புதிதல்ல என்பதற்கு இது போதும். ஸ்பிளாஷ் மவுண்டனின் கதை 1946இல் வந்த ‘சாங் ஆஃப் தி சவுத்’ படத்திலிருந்து எடுத்தது. கறுப்பின மக்களின் வாழ்வை அது காட்டிய விதத்துக்காகத் தொடக்கத்திலேயே கண்டனம் பெற்ற படம். அமெரிக்காவில் நிறுவனமே அதை வீட்டுத் திரைக்குக் கொண்டுவரவில்லை. 2020 ஜூனில் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023இல் இரு அமெரிக்கப் பூங்காக்களிலும் அது மூடப்பட்டது. 2024இல் நியூ ஆர்லியன்ஸைக் களமாகக் கொண்ட, டியானா என்ற டிஸ்னி கதாநாயகியின் கதையாகத் திறந்தது. டோக்கியோவில் பழைய சவாரி தொடர்கிறது. புதிய டியானாவின் அசைவில் இன்றைய பொறியியலின் உச்சம் தெரிகிறது. அவள் கை திரும்பும் இயல்பு பழைய பொம்மை எதற்கும் வாய்க்காதது. ஆனால் பழைய சவாரியில் முயலுக்கும் நரிக்கும் இடையே ஒரு துரத்தல் இருந்தது, அது அந்தப் பெரிய அருவிச் சரிவில் முடிந்தது. விழும் அச்சமும் கதையின் அச்சமும் ஒன்றாக இருந்தன. புதிய கதையில் இசைக்கலைஞர்களைத் தேடிப் போகிறோம். சரிவு அப்படியே இருக்கிறது, அதற்கான காரணம் மெலிந்துவிட்டது. கதையை மாற்றியது சரி. மலையின் வடிவம் எந்தக் கதைக்காகச் செதுக்கப்பட்டது என்பதை மாற்றியவர்கள் இன்னும் கூர்ந்து பார்த்திருக்கலாம்.

மிக மோசமாகத் தோற்ற புதுப்பித்தலும் ஒன்று உண்டு. 1998இல் ஃபுளோரிடாவின் டிக்கி அறைக்குள் இரண்டு திரைப்படப் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். அவை பழைய கிளிகளின் பாட்டைக் குறுக்கிட்டுக் கேலி செய்தன. பழைய நிகழ்ச்சி சலிப்பானது என்று நிகழ்ச்சியே சொன்னது. 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரங்கு திறந்தபோது 1963இன் பாட்டு, சற்றுச் சுருங்கிய வடிவில், திரும்பி வந்திருந்தது. கேலி 13 ஆண்டுகள் மட்டுமே நீடித்தது. 1971இல் தொடங்கிய கரடிகளின் பாட்டு அரங்குக்கு 2024இல் நேர்ந்தது இதைவிட மென்மையானது. அதே கரடிகள், புதிய உரோமம், புதிய உடை, பாட்டுகள் மட்டும் டிஸ்னி படங்களிலிருந்து. கரடிகள் பிழைத்துக்கொண்டன என்று மகிழ்ந்தாலும், சோகமான தன் நாட்டுப்புறப் பாட்டை உருகிப் பாடிய பொம்மைக்கு எல்லாருக்கும் தெரிந்த திரைப்பாட்டைக் கொடுத்தது அதன் குணத்தையே எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறாக, புதுப்பிக்காததால் கெட்டது முன்னேற்றச் சுழல் அரங்கு. அதுவும் 1964 கண்காட்சியில் பிறந்ததுதான். பார்வையாளர் இருக்கைகள் மேடையைச் சுற்றி நகர, ஒரு குடும்பத்தின் வீடு தலைமுறை தலைமுறையாக மாறுவதைக் காட்டும். முதல் மூன்று காட்சிகள் கடந்தகாலம், அவை பழசாக முடியாது. கடைசிக் காட்சி நிகழ்காலமும் நாளையும். அது பலமுறை மாற்றப்பட்டு 1990களில் நின்றுவிட்டது. பாட்டி தலையில் மெய்நிகர் கருவியை மாட்டி விளையாடுகிறாள், அடுப்பு குரலுக்குக் கீழ்ப்படிகிறது. முப்பது ஆண்டுகளாக அதுதான் அங்கே நாளை. இந்த ஒரு காட்சியை மாற்றாமல் வைத்திருப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம், ஏனென்றால் மாறுவதற்காகவே அது எழுதப்பட்டது.

இந்தச் சண்டையில் ஒவ்வொரு பூங்காவிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பொம்மையை மேடையிலிருந்து எடுப்பதற்கு முன் அதன் முக அச்சையும் அசைவுப் பதிவையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மூட்டும் எந்த விநாடியில் எவ்வளவு திரும்பியது என்ற கணக்கு இன்று ஒரு சிறு கணினிக் கோப்புக்குள் அடங்கும். அதைப் படிக்கத் தெரிந்த, பழைய நடிப்பைக் கண்ணால் பார்த்த அசைவுக் கலைஞர்களை இளையவர்களோடு உட்காரவையுங்கள். 1973இல் டிஸ்னிலாந்தில் லிங்கனை நீக்கிவிட்டு வால்ட் டிஸ்னியின் வாழ்க்கைக் காட்சியை அந்த அரங்கில் வைத்தபோது மக்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள், 1975இல் லிங்கன் திரும்பி வந்தார். உடலும் நாடாவும் பத்திரமாக இருந்ததால்தான் அவரால் மறுபடி எழுந்து நிற்க முடிந்தது.